சித்தபிரசாத்

சித்தபிரசாத் பட்டாச்சார்யா (சூன் 21, 1915 - நவம்பர் 13, 1978) இந்தியாவின் குறிப்பிடத்தக்க ஓவியர்களுள் ஒருவர் ஆவார். மரத்திலும் லினோலியத்திலும் உருவங்களைச் செதுக்கி, மை பூசிக் கையால் அச்சிடும் அச்சோவியக் கலையில் தனி முத்திரை பதித்தவர். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்த கோட்டோவியங்களால் பரவலாக அறியப்படுகிறார். வங்காள நாட்டார் கதைகள், இராமாயணம், உழைக்கும் சிறுவர்களின் வாழ்வு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு இவர் உருவாக்கிய லினோ அச்சோவியங்களும் புகழ் பெற்றவை. ஓவியத்துடன் எழுத்து, பாடல், பொம்மலாட்டம் ஆகியவற்றிலும் ஈடுபட்டார். எந்த ஓவியப் பள்ளியிலும் முறையாகப் பயிலாதவர். பஞ்சத்தைப் பற்றிய இவருடைய நூலைப் பிரித்தானிய இந்திய அரசு பறிமுதல் செய்து எரித்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை வறுமையில் கழித்த இவரது முக்கியத்துவம், மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டது.

இளமைக் காலம்

சித்தபிரசாத் வங்காளத்தின் 24 பர்கானா மாவட்டத்தில், ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள நைஹாட்டி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரசுப் பணியாளர். தாயார் இந்துமதி தேவி பாடல்களில் நாட்டம் உடையவர். மகனின் கலை ஆர்வத்திற்கு வீட்டுச் சூழலே முதல் வித்தாக அமைந்தது. தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் மேதினிப்பூரிலும் (மிட்னாப்பூர்) பின்னர் சிட்டகாங்கிலும் வாழ்ந்தது. இவ்விரண்டு ஊர்களும் பிற்காலத்தில் இவரது கலையின் போக்கைத் தீர்மானித்தன. சிட்டகாங் இன்று வங்காளதேசத்தில் உள்ளது.

1930களின் நடுப்பகுதியில் சிட்டகாங் அரசுக் கல்லூரியில் பயின்றார். சூர்யா சென் தலைமையிலான இளைஞர்கள் 1930ஆம் ஆண்டில் அந்நகரின் ஆயுதக் கிடங்கைத் தாக்கினர். அதற்காகச் சூர்யா சென் 1934 சனவரியில் தூக்கிலிடப்பட்டார். இந்நிகழ்வுகளின் தாக்கம் நீங்காத காலத்தில் அங்கு மாணவராக இருந்த சித்தபிரசாத், விடுதலை இயக்கத்தாலும் உழவர் இயக்கத்தாலும் ஈர்க்கப்பட்டார். கிராமங்களுக்குச் சென்று உழவர்களுடன் பழகினார். அங்குக் கண்ட மண் பொம்மைகள், கோலங்கள், படச்சுருள் ஓவியங்கள், கூத்துகள் ஆகியவையே இவருக்கு ஓவியப் பள்ளியாக அமைந்தன எனலாம்.

சாதி வேறுபாட்டை ஏற்க மறுத்த சித்தபிரசாத், தம் குலத்தைக் காட்டும் பட்டாச்சார்யா என்னும் பின்னொட்டைக் கைவிட்டார். பிற்காலப் படைப்புகள் அனைத்திலும் சித்தபிரசாத் என்று மட்டுமே கையொப்பமிட்டார். கலை வரலாற்று நூல்களிலும் இப்பெயரே வழக்கில் உள்ளது.

சிட்டகாங்கில் கலைப்பணி

இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. பர்மாவை அடுத்துள்ள சிட்டகாங் 1942 மே மாதத்தில் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளானது. சித்தபிரசாத் அப்போது பொதுவுடைமைக் கட்சியில் இணைந்து, பாசிசத்திற்கு எதிரான சுவரொட்டிகளைக் கையால் வரைந்து ஊர் ஊராகக் கொண்டு சென்றார். எழுத்தறிவு குறைவாக இருந்த கிராமங்களில் படமே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே தடித்த கோடு, தெளிவான கறுப்பு வெள்ளை, தொலைவிலிருந்து பார்த்தாலும் புரியும் உருவம் என்னும் இயல்புகள் இவரது வரைதலில் தொடக்கத்திலேயே வேரூன்றின.

இக்காலத்தில் சிட்டகாங்கைச் சேர்ந்த சோம்நாத் ஹோர் (1921 - 2006) என்னும் இளைஞர் இவரைச் சந்தித்தார். பசியால் வாடுவோரையும் நோயுற்றோரையும் தெருவிலும் மருத்துவமனையிலும் நேரில் பார்த்து வரையுமாறு சித்தபிரசாத் அவரை ஊக்குவித்தார். சோம்நாத் ஹோர் பின்னாளில் சாந்திநிகேதனில் அச்சோவியத் துறையை வளர்த்து, இந்தியாவின் தலைசிறந்த அச்சோவியக் கலைஞர்களுள் ஒருவராக விளங்கினார்.

சித்தபிரசாத்தின் திறமையை அறிந்த பொதுவுடைமைக் கட்சியின் பொதுச் செயலாளர் பூ. சி. ஜோஷி, கட்சி இதழ்களுக்கு ஓவியம் வரையும் பணியை இவருக்கு அளித்தார். 1942 முதல் வெளிவந்த பீப்பிள்ஸ் வார் என்னும் ஆங்கில இதழிலும், சனயுத்த என்னும் வங்காள இதழிலும் இவரது படங்கள் இடம்பெற்றன. 1943ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சின்னமாகிய முரசு அறைபவரின் உருவம் இவர் வரைந்ததாகும்.

வங்காளப் பஞ்சம்

1943ஆம் ஆண்டில் வங்காளத்தில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்னும் நோக்கில் கடலோர மாவட்டங்களில் அரிசி இருப்பையும் படகுகளையும் அரசு அப்புறப்படுத்தியது. படகின்றி மீனவர்கள் தொழிலை இழந்தனர். நீர்வழிப் போக்குவரத்தும் தடைப்பட்டது. போர்க்காலப் பணவீக்கமும் பதுக்கலும் சேர்ந்து அரிசியின் விலையைக் கூலித் தொழிலாளர்களுக்கு எட்டாத உயரத்திற்கு ஏற்றின. அரசு அமைத்த விசாரணை ஆணையம் சுமார் 15 இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் இவ்வெண்ணிக்கையை 20 முதல் 30 இலட்சம் வரை மதிப்பிடுகின்றனர். உணவு இல்லாததைவிட, உணவை வாங்க இயலாத நிலையே இப்பஞ்சத்தின் முதன்மைக் காரணம் எனப் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

மேதினிப்பூர் மாவட்டத்தின் நிலை மேலும் மோசமாக இருந்தது. 1942 அக்டோபர் 16 அன்று அம்மாவட்டத்தின் கடலோரத்தைக் கடும் புயலும் கடல் அலையும் தாக்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கால்நடைகளும் பயிரும் அழிந்தன. வயல்களில் உப்புநீர் புகுந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் அங்கு வலுவாக இருந்ததால், காவல்துறையின் அடக்குமுறையும் அதே காலத்தில் நிகழ்ந்தது.

பசித்த வங்காளம்

1943 நவம்பரில் சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் பயணம் செய்தார். சிறுவயதில் தாம் வாழ்ந்த மண்ணிற்கு இம்முறை பஞ்சத்தைப் பதிவு செய்பவராகச் சென்றார். கிராமப் பாதைகள், கைவிடப்பட்ட குடிசைகள், கஞ்சித் தொட்டிகள், மருத்துவ உதவி நிலையங்கள் ஆகியவற்றைப் பார்த்து, மையாலும் தூரிகையாலும் வரைந்தார். தாம் வரைந்த மனிதர்களைப் பற்றிய விவரங்களையும் குறித்துக்கொண்டார். அவர்களது பெயர், ஊர், தொழில், குடும்பத்தில் இறந்தோர் முதலிய செய்திகள் படங்களுடன் சேர்ந்தன. இதனால் அவை ஓவியங்களாக மட்டுமன்றி ஆவணங்களாகவும் அமைந்தன. எலும்பும் தோலுமாக நிற்கும் ஒருவரைப் பஞ்சத்தின் அடையாளமாகக் காட்டாமல், பெயருடைய ஒரு தனி மனிதராகக் காட்டியது இவரது அணுகுமுறையின் சிறப்பாகும்.

இப்பயணத்தின் குறிப்புகளும் கோட்டோவியங்களும் பசித்த வங்காளம் (ஹங்ரி பெங்கால்) என்னும் பெயரில் ஆங்கிலச் சிறுநூலாகப் பம்பாயில் வெளியிடப்பட்டன. அரசு உடனடியாக அந்நூலைத் தடை செய்தது. அச்சிடப்பட்ட சுமார் 5000 பிரதிகளும் பறிமுதல் செய்யப்பட்டு எரிக்கப்பட்டன. எரியாமல் தப்பிய ஒரு பிரதியை ஓவியரின் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் பல ஆண்டுகள் பாதுகாத்து வந்தனர். அப்பிரதியிலிருந்து எடுக்கப்பட்ட மறுபதிப்பு 2011ஆம் ஆண்டில் வெளியானது. எனவே, ஏறத்தாழ 67 ஆண்டுகள் இந்நூல் பொதுமக்களின் பார்வைக்குக் கிடைக்கவில்லை.

பஞ்சத்தை வரைந்தவர் சித்தபிரசாத் மட்டும் அல்லர். ஜைனுல் ஆபேதின் (1914 - 1976) கல்கத்தாத் தெருக்களில் கிடந்தோரை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். சோம்நாத் ஹோரின் படங்கள் சனயுத்த இதழில் வந்தன. சுனில் ஜானா ஒளிப்படங்கள் எடுத்தார். இவர்களது படைப்புகள் இல்லையெனில் 1943ஆம் ஆண்டின் பஞ்சம் பெரும்பாலும் அரசு அறிக்கைகளின் வழியாக மட்டுமே அறியப்பட்டிருக்கும்.

பம்பாய் வாழ்க்கை

1946ஆம் ஆண்டில் சித்தபிரசாத் பம்பாயில் (இன்றைய மும்பை) குடியேறினார். அவ்வாண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த கடற்படையினரின் எழுச்சியையும், அதற்கு ஆதரவாகப் பம்பாய்த் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தையும் வரைந்தார். உழவர்களின் எழுச்சிகளும் தொழிலாளர் வேலைநிறுத்தங்களும் தொடர்ந்து இவரது கருப்பொருள்களாக இருந்தன.

1948ஆம் ஆண்டில் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையும் கொள்கைப் போக்கும் மாறின. பூ. சி. ஜோஷி பதவி இழந்தார். புதிய போக்கை ஏற்க இயலாத சித்தபிரசாத் கட்சியிலிருந்து விலகி நின்றார். ஆயினும் உழைக்கும் மக்கள் மீதான பற்று இவரிடம் குறையவில்லை. 1950களில் உலக அமைதி இயக்கத்திற்காகப் பல அச்சோவியங்களைச் செய்தார். பிமல் ராய் இயக்கத்தில் 1953ஆம் ஆண்டில் வெளிவந்த தோ பீகா சமீன் என்னும் இந்தித் திரைப்படத்தின் விளம்பரத்திற்காக இவர் செய்த லினோ அச்சுப்படம் குறிப்பிடத்தக்கது. நிலத்தை மீட்கக் கல்கத்தாவில் கைவண்டி இழுக்கும் உழவரின் கதையைக் கூறும் அப்படத்தின் பொருள், இவர் பத்து ஆண்டுகளாக வரைந்துவந்த பொருளே ஆகும்.

கட்சியை விட்டு விலகியதால் நிலையான வருவாய் நின்றது. பம்பாயின் புறநகராகிய அந்தேரியில் எளிய குடியிருப்பு ஒன்றில் தங்கியிருந்தார். அதே காலத்தில் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவினர் எண்ணெய் வண்ண ஓவியங்களால் புகழ் பெற்று வந்தனர். கலைக்கூடங்களும் செல்வந்தர்களும் அவ்வோவியங்களை வாங்கத் தொடங்கினர். சித்தபிரசாத் அச்சந்தையை நாடவில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடிய ஓவியத்தைவிடப் பலரிடம் குறைந்த விலையில் சென்று சேரக்கூடிய அச்சோவியத்தையே பெரிதும் விரும்பினார்.

லினோ அச்சு முறை

லினோலியம் என்பது ஆளி விதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணியின் மீது பரப்பிச் செய்யப்படும் தரைவிரிப்பு ஆகும். 1860களில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் வால்டன் இதனை உருவாக்கினார். மரத்தைவிட மென்மையானது. மரத்தில் உள்ள இழை ஓட்டம் இதில் இல்லாததால் உளி எத்திசையிலும் தடையின்றிச் செல்லும். விலையும் குறைவு. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் இதனை மரக்கட்டைக்கு மாற்றாகப் பயன்படுத்தத் தொடங்கினர்.

லினோ அச்சோவியம் செய்யும் முறை பின்வருமாறு:

1. முதலில் படத்தை லினோலியத் துண்டின் மீது வரைவர். அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால் படத்தைத் திருப்பி வரைதல் வேண்டும்.
2. தாளில் வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதிகளைச் சிறு உளிகளால் செதுக்கி நீக்குவர். கறுப்பாக வரவேண்டிய பகுதிகள் மேடாக எஞ்சி நிற்கும்.
3. கெட்டியான மையை உருளையால் மேட்டுப் பகுதிகளின் மீது சீராகப் பூசுவர்.
4. அதன் மேல் தாளை வைத்து, கரண்டியின் பின்புறத்தாலோ வேறு வழுவழுப்பான பொருளாலோ தேய்ப்பர். தாளை உரித்து எடுத்தால் படம் கிடைக்கும்.

ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஒவ்வொரு பிரதியும் கலைஞரின் கையால் அச்சிடப்படுவதால் அவை அனைத்தும் மூலப் படைப்புகளாகவே கருதப்படுகின்றன. இம்முறைக்கு அச்சகமோ மின்சாரமோ தேவையில்லை. ஓர் உளி, ஓர் உருளை, சிறிது மை, தாள் ஆகியவை இருந்தால் ஒரு சிறிய அறையிலேயே அச்சிடலாம். அச்சகத்தில் அச்சான நூல் மொத்தமாக எரிக்கப்பட்டதைக் கண்ட ஒரு கலைஞருக்கு இவ்வசதி எத்துணை முக்கியமானது என்பதை உணரலாம். தகடு கலைஞரின் கையில் இருக்கும்வரை படத்தை முற்றாக அழித்துவிட இயலாது.

இந்தியாவில் லினோ அச்சிற்குச் சித்தபிரசாத்திற்கு முன்னரே நல்ல எடுத்துக்காட்டுகள் இருந்தன. நந்தலால் போஸ் 1930ஆம் ஆண்டில் தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்த காந்தியடிகளின் உருவம் லினோ அச்சோவியமே ஆகும். அதே ஆண்டில் வெளிவந்த தாகூரின் சகச் பாட் என்னும் குழந்தைகளுக்கான பாடநூலிலும் நந்தலால் போசின் லினோ அச்சுப்படங்கள் இடம்பெற்றன. வெளிநாடுகளில் செருமானிய ஓவியர் கேத்தே கோல்விட்சின் படைப்புகளும், 1930களில் எழுத்தாளர் லூ சுன் ஊக்குவித்த சீன மரச்செதுக்கு இயக்கமும் ஏழை மக்களின் துயரை அச்சோவியத்தில் காட்டின. சித்தபிரசாத்தின் கலை இம்மரபுகளுடன் நெருங்கிய உறவுடையது.

நாட்டார் மரபும் அச்சோவியங்களும்

சித்தபிரசாத்தின் கலையின் மற்றொரு வேர் வங்காள நாட்டார் மரபு ஆகும். வங்காளத்தின் முதல் படமுள்ள அச்சு நூல் 1816ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து கல்கத்தாவின் பட்தலா பகுதியில் மரச்செதுக்குப் படங்களுடன் கூடிய மலிவு விலை நூல்கள் ஏராளமாக அச்சிடப்பட்டன. புராணக் கதைகள், பேய்க் கதைகள், ஊர்வம்புகள் என எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. படச்சுருளை விரித்துப் பாடிக் கதை சொல்லும் பட்டுவா என்னும் கலைஞர்கள் கிராமங்களில் இருந்தனர். பாட்டிகள் சொல்லும் அரக்கியர், சூனியக்காரிகள், பேசும் பறவைகள் முதலியோரின் கதைகளைத் தக்சிணாரஞ்சன் மித்ர மசூம்தார் தொகுத்து, தாகுர்மார் சூலி (பாட்டியின் பை) என்னும் நூலாக 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். வங்காளக் குழந்தைகள் பல தலைமுறைகளாக இக்கதைகளைக் கேட்டு வளர்ந்தனர்.

தமிழகத்திலும் இதனையொத்த மரபு இருந்தது. சென்னையில் அச்சான பெரிய எழுத்துக் கதை நூல்கள் அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை, நல்லதங்காள் கதை முதலியவற்றை மரச்செதுக்குப் படங்களுடன் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன. இவற்றுள் நல்லதங்காள் கதை பஞ்சத்தால் பிறந்த வீட்டை நாடிச் சென்று, அங்கும் சோறு கிடைக்காமல் ஏழு பிள்ளைகளுடன் கிணற்றில் மாண்ட பெண்ணின் கதை ஆகும். நாட்டார் கதையும் பஞ்சமும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பதற்கு இது தக்க சான்று. கதை சொல்லும் மக்களே பசியில் முதலில் மடிபவர்களாகவும் இருந்தனர். சித்தபிரசாத் பஞ்சத்தையும் நாட்டார் கதைகளையும் ஒரே கையால் செதுக்கியதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

இவரது நாட்டார் கதை அச்சோவியங்களில் உருவங்கள் மண் பொம்மைகளைப் போன்று உருண்டு திரண்டவை. கண்கள் பெரியவை. வெற்றிடங்கள் கோலங்களை நினைவூட்டும் கொடிகளாலும் இலைகளாலும் நிரப்பப்பட்டுள்ளன. தாயும் சேயும், உழவர் குடும்பம், அறுவடை, இசைக்கருவி வாசிப்போர், விலங்குகள், பறவைகள் ஆகியவை அடிக்கடி இடம்பெறுகின்றன. பஞ்சப் படங்களில் ஒடுங்கியும் முறிந்தும் காணப்படும் கோடு, இப்படங்களில் வளைந்தும் நிறைந்தும் ஓடுகிறது. மேதினிப்பூரில் இவர் கண்ட அதே உழவர்களும் தாய்மார்களும் இங்கு உண்டு உடுத்து மகிழும் நிலையில் காட்டப்படுகின்றனர். இராமாயணக் காட்சிகளையும் இவர் இத்தகைய நாட்டார் பாணியில் செதுக்கினார். வங்காள நாட்டுப்புறக் கதைகளைக் குழந்தைகளுக்காகத் தாமே மீண்டும் எழுதிப் படங்களும் அமைத்தார். அவை இரசகுல்லா நாடும் பிற கதைகளும் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தலைப்பில் நூலாக வெளிவந்தன.

தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்

1950களின் தொடக்கத்தில் சித்தபிரசாத் இந்தியச் சிறுவர்களின் நிலையைப் பொருளாகக் கொண்டு லினோ அச்சோவிய வரிசை ஒன்றை உருவாக்கினார். உழைக்கும் சிறுவர்களும் வீடற்ற சிறுவர்களும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். இதன் ஆங்கிலத் தலைப்பு தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள் எனப் பொருள்படும்.

இத்தலைப்பு இவரது வாழ்நாள் பணியின் இரு பக்கங்களையும் இணைக்கிறது. பிள்ளைப் பருவம் என்பது கதை கேட்கும் பருவம். அப்பருவத்திலேயே சுமை தூக்க நேர்ந்த குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஆளும் இல்லை, கேட்க நேரமும் இல்லை. உணவு, உறைவிடம் ஆகியவற்றுடன் கதையும் குழந்தையின் உரிமை என்பதே இவ்வரிசையின் உட்பொருள் ஆகும். படங்களில் குழந்தைகள் இரக்கத்திற்குரிய உருவங்களாகக் காட்டப்படவில்லை. கறுப்புப் பரப்பின் நடுவே வெள்ளைக் கோடுகளால் எழும் அவர்களின் முகங்கள் பெரியவர்களின் களைப்பை உடையனவாக உள்ளன.

இவ்வரிசையை யுனிசெஃப் அமைப்பின் தென்மார்க்குக் குழு 1969ஆம் ஆண்டில் தொகுப்பாக வெளியிட்டது. வெளிநாடுகளில் சித்தபிரசாத்தின் பெயரைப் பரப்பிய வெளியீடுகளுள் இது முதன்மையானது.

பொம்மலாட்டம்

கதை இல்லாத குழந்தைகளைப் படத்தில் காட்டியதுடன் நில்லாமல், அவர்களுக்குக் கதை கொடுக்கவும் சித்தபிரசாத் முயன்றார். அந்தேரியில் கேலாகர் (விளையாட்டு வீடு) என்னும் பெயரில் பொம்மலாட்டக் குழு ஒன்றை நடத்தினார். பொம்மலாட்டத்தில் வல்லவரான பிரான்டிசெக் சலபா என்னும் செக் நாட்டவர் இம்முயற்சிக்குத் துணை நின்றார். செக்கோசுலோவாக்கியா பொம்மலாட்டத்தில் நீண்ட மரபுடைய நாடாக இருந்தது. சித்தபிரசாத் பொம்மைகளைத் தாமே செய்தார். நாடகங்களையும் தாமே எழுதினார். சுற்றுப்புறச் சிறுவர்கள் இவற்றைக் கண்டு மகிழ்ந்தனர்.

செக் நாட்டுடனான இத்தொடர்பு இவரது கலைக்கும் உதவியது. இந்தியவியல் அறிஞர் மிலோசுலாவ் கிராசா இவரது நண்பராக விளங்கினார். பிராகா நகரின் தேசியக் கலைக்கூடம் இவரது படைப்புகளைச் சேகரித்தது. பாவெல் ஹோப்ல் என்னும் இயக்குநர் 1972ஆம் ஆண்டில் இவரைப் பற்றிக் கன்ஃபெஷன் (ஒப்புதல் வாக்குமூலம்) என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். தாய்நாட்டின் பெரிய கலைக்கூடங்கள் கண்டுகொள்ளாத காலத்தில் தொலைநாடு ஒன்று இவரைப் போற்றியது குறிப்பிடத்தக்கது.

இறுதிக் காலம்

வறுமையும் நோயும் சித்தபிரசாத்தின் பிற்கால வாழ்வில் தொடர்ந்தன. எனினும் செதுக்குவதையும் வரைவதையும் இவர் நிறுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பம்பாயில் வாழ்ந்த பின், இறுதியில் வங்காளத்திற்குத் திரும்பினார். 1978 நவம்பர் 13 அன்று கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) காலமானார். அப்போது இவருக்கு வயது 63.

மதிப்பீடும் தாக்கமும்

சித்தபிரசாத் வாழ்ந்த காலத்தில் இவரைக் கட்சி ஓவியர் என ஒதுக்கியோர் பலர். கட்சியை விட்டு விலகியதால் கட்சியினரும் இவரைப் பெரிதாகப் பேசவில்லை. விலை உயர்ந்த எண்ணெய் வண்ண ஓவியங்களையே கலையின் அளவுகோலாகக் கொண்ட காலத்தில், மலிவான தாளில் அச்சான சிறிய கறுப்பு வெள்ளைப் படங்கள் உரிய மதிப்பைப் பெறவில்லை.

2011ஆம் ஆண்டில் தில்லியில் இவரது படைப்புகளின் விரிவான கண்காட்சி நடைபெற்றது. கலை வரலாற்றாளர் சஞ்சய் குமார் மல்லிக் எழுதிய தொகுதிகளும், பசித்த வங்காளம் நூலின் மறுபதிப்பும் அப்போது வெளிவந்தன. அதன் பின்னர் வங்காளப் பஞ்சம் பற்றிய ஆய்வுகளில் இவரது படங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. எரிக்கப்பட்ட நூல் இன்று பஞ்சத்தின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

பஞ்சப் படங்களின் புகழால் இவரது நாட்டார் கதை அச்சோவியங்கள் ஓரளவு மறைக்கப்பட்டுள்ளன எனலாம். இவ்விரண்டையும் ஒருங்கே பார்க்கும்போதுதான் இவரது நோக்கம் முழுமையாக விளங்கும். ஒன்று மக்கள் இழந்ததைக் காட்டுகிறது. மற்றொன்று அவர்கள் இழக்கக் கூடாததைக் காட்டுகிறது.

முக்கிய படைப்புகள்

* பசித்த வங்காளம் - மேதினிப்பூர்ப் பயணக் குறிப்புகளும் கோட்டோவியங்களும் (1943 நவம்பர்ப் பயணம், மறுபதிப்பு 2011)
* இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சின்னம்
* கடற்படை எழுச்சி பற்றிய ஓவியங்கள் (1946)
* தோ பீகா சமீன் திரைப்பட விளம்பர லினோ அச்சு (1953)
* தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள் - லினோ அச்சோவிய வரிசை (1950களின் தொடக்கம், வெளியீடு 1969)
* இராமாயண அச்சோவியங்கள்
* இரசகுல்லா நாடும் பிற கதைகளும் - குழந்தைகளுக்கான வங்காள நாட்டார் கதைகள்